மாரிக்கு முனி எழுதியது

ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு மெக்கானிக் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கிறது டெல்சியின் பிரேம் கடை. சாமி படம், கல்யாணப் படம், இறந்தவர்களின் படம் என்று எல்லா பிரேம் கடையிலும் நடக்கிற வியாபாரம் அங்கேயும் உண்டு. ஆனால் பெங்களூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு தேடி வருகிறவர்கள் வேறொரு காரியமாக வருவார்கள். யாரோ ஒரு விளையாட்டுக்காரர், பாடகர், நடிகர் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லப்படும் மட்டையோ பந்தோ ஜெர்சியோ புகைப்படமோ கொண்டுவந்து மேஜைமேல் மெதுவாக வைப்பார்கள். பிரேம் போடுவதற்கு முன்னால் இது அசலா என்று டெல்சி பார்த்துச் சொல்ல வேண்டும்.

டெல்சி கதவோரம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்ப்பாள். பேனா எங்கே அழுந்தியது, எங்கே தயங்கியது, எங்கே காகிதத்தை விட்டுத் தூக்கியது என்று பார்ப்பாள். கூட்டத்தில் நின்றபடி அவசரத்தில் போடுகிற கையெழுத்து ஓடும், பார்த்து வரைகிற கையெழுத்து நடக்கும் என்பாள். அச்சடித்த கையெழுத்தென்றால் லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும். போலி என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கூச்சம் கிடையாது.

அந்தக் கண் சிப்காட்டில் பழகிய கண். பிளஸ் டூ முடித்ததும் அங்கே ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்தவள். உள்ளங்கைக்குள் அடங்கும் உதிரிப்பாகங்களை லென்ஸுக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கித் தள்ளும் வேலை. அதே கம்பெனி ஸ்டோரில் இருந்த கிங்ஸ்டனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வேலையை விட்டு இந்தக் கடையைப் போட்டாள். கையெழுத்துப் பித்து அதற்கெல்லாம் முன்னாலேயே பிடித்தது. அவள் அப்பா ராயப்பன் விளையாட்டு மைதானத்து வாசலில் டீக்கடை வைத்திருந்தார். ஆட்டம் முடிந்து டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை டெல்சி பேனாவை நீட்டுவாள். கபடிக்காரர்கள், வாலிபால்காரர்கள், எங்கிருந்தோ வந்த சைக்கிள் பந்தயக்காரர் என்று அவளிடம் சேர்ந்தவர்களின் பெயர் பலபேருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

எல்லோரையும்விட அவள் நெஞ்சில் இருந்தவள் முனிலட்சுமி. தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் காட்டோரத்து ஊரிலிருந்து கிளம்பி நாட்டுக்காக ஓடிய நெடுந்தூர ஓட்டக்காரி. வெளிநாட்டில் பதக்கம் வாங்கிக்கொண்டு வந்த வருஷம், திறந்த ஜீப்பில் அவளை ஓசூர் முழுக்கச் சுற்றிக் காட்டினார்கள். டெல்சி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வெயிலில் நின்று, ஜீப்பை எட்டிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினாள். அதற்கப்புறம் முனிலட்சுமி எந்த விழாவுக்கு வந்தாலும் டெல்சியும் அங்கே இருப்பாள். ஆங்கிலத்தில் இரண்டு குன்று பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுபோல ஒரு எம், கடைசி எழுத்தின்மேல் புள்ளிக்குப் பதிலாக ஒரு சின்னக் கோடு. கண்ணை மூடிக்கொண்டு டெல்சியால் அதை வரைந்து காட்ட முடியும்.

முனிலட்சுமி சென்னையில் வேலையில் இருந்தபோதே நோய் கண்டு, ஐம்பது வயதைத் தொடாமல் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு ஓசூரில் ஒரு கல்லூரி தன் விளையாட்டு அரங்கத்தில் அவளுக்கென்று ஒரு நினைவுக்கூடம் அமைக்க முன்வந்தது. பதக்கங்களைத் தருவதாக அவள் தம்பி கோவிந்தன் சொன்னார். ஊர்க்காரர்களிடம் இருக்கிற பொருள்களையும் சேர்க்கலாம் என்று நினைத்த கல்லூரிக்காரர்கள், அசலைப் பிரித்தெடுக்கும் பொறுப்பை டெல்சியிடம் ஒப்படைத்தார்கள். முனிலட்சுமியின் பொருளோ கையெழுத்தோ வைத்திருப்பவர்கள் டெல்சி பிரேம் கடையில் கொண்டுவந்து காட்டலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பரவியது.

டெல்சிக்கு அது பெரிய கௌரவம். ஆனால் வந்து சேர்ந்ததில் பாதிக்குமேல் குப்பை. ஒருவர் ஜெராக்ஸ் எடுத்த கையெழுத்தின்மேல் பேனாவை ஓட்டிக் கொண்டுவந்தார். இன்னொருவர் முனிலட்சுமி பள்ளியில் படித்த காலத்தில் கடைக்கே வராத ஒரு மாடல் ஷூவைக் கொண்டுவந்து, அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் பள்ளியில் ஓடினாள் என்று சாதித்தார். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, தன் சேகரிப்பாளர்கள் குழுவில் டெல்சி எச்சரிக்கையாகப் போடுவாள். கைதட்டல் படங்கள் வந்து குவியும். அப்படித் தள்ளித் தள்ளி, யார் வந்தாலும் முதலில் சந்தேகப்படுகிற நிலைக்கு அவள் வந்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் மாரம்மா வந்தாள்.

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண். ஒல்லியான உடம்பு. சேலைக்குமேல் நீலக் கோட்டு, அதன் முதுகில் ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தக்காரரின் பெயர். குருபரப்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் தரை துடைக்கிற வேலை. ஷிப்ட் முடிந்ததும் நேரே பஸ் ஏறி வந்திருந்தாள். கடையில் அப்போது கல்லூரிப் பேராசிரியர் ஒருவரும், கர்நாடகத்து ஆனேக்கல்லிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளரும் இருந்தார்கள். அவர்கள் பேச்சு முடியட்டும் என்று ஓரமாக நின்றவளை டெல்சிதான் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டாள்.

மாரம்மா பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு துணியை எடுத்து விரித்தாள். பந்தயத்தில் ஓடுகிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் செஸ்ட் நம்பர். பழைய காலத்து வெள்ளைத் துணி, கறுப்பு மையில் எண், நாலு மூலையிலும் ஊசி குத்திய துளைகளைச் சுற்றித் துருக்கறை. எண்ணுக்குக் கீழே நீலப் பேனாவால் கன்னடத்தில் ஏதோ எழுதியிருந்தது.

டெல்சிக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. ஆனேக்கல்காரர் எட்டிப் பார்த்துப் படித்தார். "மாரிகே, முனி." மாரிக்கு, முனி. அவ்வளவுதான்.

யார் எழுதியது என்று டெல்சி கேட்டாள்.

"முனிலட்சுமிதாங்க. நானும் அவளும் ஒண்ணா ஓடினவங்க."

பேராசிரியர் லேசாகச் சிரித்துக்கொண்டார். டெல்சி லென்ஸை வைத்தாள். ஒவ்வொரு எழுத்தின்மேலும் பேனா இரண்டு மூன்று தடவை போயிருந்தது. ஓடாத கையெழுத்து, நடக்கவும் நடக்காத கையெழுத்து. தமிழிலும் ஆங்கிலத்திலும் முனிலட்சுமி போட்டதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கன்னடத்தில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. பள்ளிக்கூடச் சான்றிதழ், சேர்ந்து எடுத்த போட்டோ, ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். எதுவும் இல்லை என்றாள் மாரம்மா.

"முனிலட்சுமி கன்னடத்துல எழுதினதே இல்லைங்கம்மா. இது மேல மேல இழுத்து எழுதினது. யாரோ உங்கள ஏமாத்தியிருக்காங்க, இல்லன்னா..." என்று டெல்சி நிறுத்திக்கொண்டாள். அவள் சொல்லாமல் விட்டது அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டது.

"யாரும் ஏமாத்தலைங்க. எங்கையிலதான் குடுத்தா" என்றாள் மாரம்மா. டெல்சி வழக்கம்போல ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு துணியைத் திருப்பிக் கொடுத்தாள். மாரம்மா பழைய மடிப்பிலேயே துணியை மடித்து, கவரில் போட்டு, இறங்கிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அந்தப் படம் சிவப்புக் கோட்டோடு குழுவில் ஏறியது. குருபரப்பள்ளியிலிருந்து வந்த போலி, கன்னடக் கையெழுத்து, எச்சரிக்கை என்று கீழே எழுதியிருந்தாள். ஆளாளுக்கு அதை எடுத்து வேறு குழுக்களுக்கும் அனுப்பினார்கள்.

சில நாள் கழித்து முனிலட்சுமியின் தம்பி கோவிந்தன் வந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கம் விவசாயம். ராகிக் காட்டுக்குள் யானை இறங்கிக்கொண்டிருந்த பருவம் என்பதால் காவலிருந்து கண் சிவந்திருந்தது. அக்காவின் ஓட்ட உடுப்பையும் பதக்கங்களையும் பிரேம் போடக் கொண்டுவந்திருந்தார். டெல்சி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தாள். உங்கள் அக்கா பெயரைச் சொல்லி எத்தனை பேர் என்னென்ன கொண்டுவருகிறார்கள் பாருங்கள் என்று போனில் போலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். கோவிந்தனும் சிரித்துக்கொண்டே பார்த்தார். செஸ்ட் நம்பர் வந்ததும் அவர் கை அவள் விரலைத் தடுத்தது.

போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது எங்கக்கா எழுத்துங்க" என்றார்.

அவர் விளையாடுகிறார் என்றுதான் டெல்சி நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்புப் போய்விட்டது.

"எங்கம்மா பொறந்த ஊரு தளிக்குப் பக்கங்க, கர்நாடகா பார்டரு. அக்காள சின்னதுலயே அங்க வுட்டுட்டாங்க. அஞ்சாவது வரைக்கும் கன்னட ஸ்கூல்தான். வூட்டுல எதுனா எழுதி வெக்கிறதுன்னா கடைசி வரைக்கும் கன்னடத்துலதான் எழுதுவா. நீங்க சொல்ற இங்கிலீசு கையெழுத்து, ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்குப் போனப்புறம் கோச் பழக்கிக் குடுத்தது."

மாரி யார் என்று டெல்சி கேட்டாள்.

"அந்த ஊரு மாரம்மா. ரெண்டு பேரும் ஒரே கிளாஸ். எங்கக்காளுக்கு முன்னாடி ஓடினவ அவதாங்க." டெல்சி புரியாமல் பார்ப்பதைக் கண்டு அவர் விளக்கினார். "முன்னாடின்னா முன்னாடிதான். அவ முதுகப் பாத்துக்கினேதான் ஓடுவேன்னு அக்கா சொல்லும்."

கோவிந்தன் போன பிறகு டெல்சி வேலை எதையும் தொடவில்லை. மேஜைக்கு அடியில் கிடந்த வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை எடுத்து, பால்பாயிண்ட் பேனாவால் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். மை பிடிக்கவில்லை. துணி பேனாவோடு சேர்ந்து இழுபட்டது. பெயர் தெரிவதற்கு ஒவ்வொரு எழுத்தின்மேலும் இரண்டு மூன்று தடவை பேனாவை ஓட்ட வேண்டியிருந்தது. துணியில் பேனாவால் எழுதுகிற யாரும் அப்படித்தான் எழுத வேண்டும். இது அவளுக்குத் தெரியாததல்ல. ஜெர்சியில் போட்ட கையெழுத்துகளைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைவில் வைத்துத்தான் பார்ப்பாள். அன்றைக்கு மட்டும் அது ஏன் நினைவுக்கு வரவில்லை என்பதுதான் அவளைக் குடைந்தது.

சாப்பிடும்போது கிங்ஸ்டனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான்.

"அந்தம்மா அந்தக் கோட்டு போடாம, கார்ல வந்து எறங்கியிருந்தா இப்படிச் சொல்லியிருப்பியா டெல்சி?"

டெல்சி கோபப்பட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கோபம் அவன்மேல் இல்லை என்பது கை கழுவும்போது அவளுக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு குருபரப்பள்ளிக்குப் போனாள். நீலக் கோட்டின் முதுகில் இருந்த ஒப்பந்தக்காரரின் பெயர் மட்டும்தான் அடையாளம். ஹைவே ஓரத்து டீக்கடையில் அதைச் சொல்லி விசாரித்ததும், ஒப்பந்த ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு வழி சொன்னார்கள். பொதுக் குழாயடியில் மாரம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். டெல்சியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. குழாயை மட்டும் மூடினாள்.

டெல்சி வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. கோவிந்தன் சொன்னதைச் சொன்னாள். துணியில் எழுதிப் பார்த்ததைச் சொன்னாள். தான் தப்பாகச் சொல்லிவிட்டதாகவும், அந்தச் செஸ்ட் நம்பரை மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள்.

மாரம்மா உள்ளே போய்த் துணியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

வெள்ளை வெளேரென்று இருந்தது. எண் சாம்பல் நிறத்தில் மங்கித் தெரிந்தது. கீழே எழுத்து இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"போலின்னு சொல்லிட்டீங்க. போலிய எதுக்கு வெச்சுக்கணும்? பிளீச்சிங் பவுடர்ல ஊற வெச்சு கசக்கிட்டேன்" என்றாள் மாரம்மா.

டெல்சி குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். முனிலட்சுமி தன் சொந்த எழுத்தில் எழுதியதில் டெல்சி கண்ணால் கண்டது இந்த ஒன்றுதான். வருஷக்கணக்காகத் தேடியலைந்தவள், அது தன் மேஜைக்கே வந்தபோது வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருக்கிறாள். தனக்கு ஏற்பட்ட நஷ்டத்தைத்தான் முதலில் நினைத்தோம் என்று அடுத்த கணமே உறைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. தெரியாமல் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் மாரம்மா என்றாள்.

"நீங்க தெரியாமப் பேசலைங்க. எல்லாம் தெரியும்னு பேசினீங்க."



பிறகு மாரம்மாவே சொன்னாள். வாட்ஸ்அப்பில் வந்த கல்லூரிச் செய்தியை அவளுக்குக் காட்டியது கூட வேலை செய்யும் ரூபா என்ற சின்னப் பெண். உங்களிடம்தான் இருக்கிறதே, கொண்டுபோய்க் காட்டுங்கள் அக்கா என்று அனுப்பி வைத்தவளும் அவள்தான். சிவப்புக் கோடு போட்ட படம் சுற்றிச் சுற்றி ரூபாவின் போனுக்கே வந்து சேர்ந்தது. மறுநாள் கேன்டீனில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து மாரம்மா மாப்பை எடுத்துக்கொண்டு கொஞ்சம் வேகமாக நடந்தால் போதும், முனிலட்சுமி வர்றாங்க, வழி விடுங்க என்று யாராவது சொல்வார்கள். சூப்பர்வைசரும் சொல்லத் தொடங்கிவிட்டார். ரூபா சிரிக்கவில்லை, ஆனால் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அந்த வாரத்தில்தான் மாரம்மா துணியைக் கசக்கினாள்.

குழுவில் இன்றைக்கே மறுப்புப் போட்டுவிடுகிறேன் என்று டெல்சி போனை எடுத்தாள்.

"போட்டுக்குங்க. யாரு பாப்பாங்க? தப்புன்னு போட்டத எல்லாரும் அனுப்பினாங்க. சரின்னு போட்டா ஒருத்தரும் அனுப்ப மாட்டாங்க. நீங்க எங்க ஆளுங்க முன்னாடி வந்து வாயால சொல்லுங்க."

டெல்சி ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வரும் இடத்தில், ஹைவேயை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் போய் நின்றாள். நீலக் கோட்டுப் பெண்கள் டிபன் பையோடு கூட்டமாக நின்றார்கள். லாரிகள் இரைந்துகொண்டு போயின. கல்லூரி மேடையில் பேசியிருக்கிறாள், பெங்களூரில் சேகரிப்பாளர்கள் கூட்டத்தில் பேசியிருக்கிறாள். இங்கே எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. மாரம்மா பக்கத்தில் நின்றாளே ஒழிய உதவிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எம்பேரு டெல்சி. மாரம்மா கொண்டாந்தது போலின்னு போன்ல போட்டது நாந்தான்" என்று தொடங்கினாள். லாரிச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். மறுபடி முதலிலிருந்து சத்தமாகச் சொன்னாள். அது உண்மையான எழுத்து, முனிலட்சுமியின் தம்பியே பார்த்துச் சொல்லிவிட்டார், தப்பு என்னுடையது, இவங்க ஒரு பொய்யும் சொல்லவில்லை என்றாள். சிலர் டிபன் பையைக் கை மாற்றிக்கொண்டார்கள். கேலி செய்தவர்கள் யார் யார் என்று அவர்கள் பார்வை போன திசையிலிருந்தே தெரிந்தது.

ரூபாதான் வாயைத் திறந்தாள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த பெண். "அப்ப மாரக்கா நெஜமாவே முனிலட்சுமி கூட ஓடினாங்களா மேடம்?"

"கூட இல்லம்மா. அவங்களுக்கு முன்னாடி ஓடினாங்க."

எல்லோரும் மாரம்மாவைப் பார்த்தார்கள். பஸ் இன்னும் வரவில்லை. மாரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டெல்சிக்கும் இதுவரை தெரியாத கதையைச் சொன்னாள்.

கிருஷ்ணகிரியில் பெரிய போட்டி. இரண்டு பேரும் ஷூ இல்லாமல் வெறுங்காலில் ஓடினார்கள். மாரம்மா முதலாவது, முனி இரண்டாவது. முதலாவது வருகிறவர்தான் அடுத்த போட்டிக்குச் சென்னை போகலாம். ஆனால் அதற்குள் மாரம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்துவிட்டார்கள். அவள் வீட்டில் சென்னைக்கு விடவில்லை. அவளுக்குப் பதிலாக இரண்டாவது வந்த முனி போனாள். போன இடத்தில் ஜெயித்தாள். அங்கேயே ஹாஸ்டலில் சேர்த்துக்கொண்டார்கள். மாரம்மா கல்யாணத்துக்கு முதல்நாள் முனி வந்தாள். பந்தல்காலுக்குப் பக்கத்தில் நின்று, பைக்குள்ளிருந்து சென்னையில் குத்திக்கொண்ட செஸ்ட் நம்பரை எடுத்தாள். இது உன் பேருக்கு வந்த நம்பர், நான் குத்திக்கொண்டு ஓடினேன் என்று கன்னடத்தில் சொன்னாள். மொய் எழுதுகிறவரிடம் பேனா வாங்கி, துணியைத் தொடையில் வைத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தாள்.

"கோவமா இல்லியா மாரக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இருந்துச்சு. டிவியில அவ ஓடுறதப் பாக்கறப்பல்லாம் வயிறு எரியும். அவ ஜெயிச்சுட்டா அழுகையா வரும், சந்தோசத்துல. ரெண்டும் இருந்துச்சு" என்றாள் மாரம்மா.

பஸ் வந்து நின்றது. பெண்கள் ஏறினார்கள். ரூபா மாரம்மாவின் பையை வாங்கிக்கொண்டு அவளை முன்னால் ஏறவிட்டாள். டெல்சி புழுதியில் நின்று பஸ் போவதைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

அன்றே குழுவில் நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள். மாரம்மா சொன்னதுதான் நடந்தது. அதை யாரும் வேறு குழுவுக்கு அனுப்பவில்லை. இதுவரை அவள் போலி என்று தள்ளியதில் எத்தனை அசல் இருந்ததோ என்று பெங்களூர்க்காரர் ஒருவர் கிண்டலாகக் கேட்டார். டெல்சி அதற்குச் சண்டைக்குப் போகவில்லை. அந்தக் கேள்வி அவளிடமும் இருந்தது. பழைய போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு பல நாள் பார்த்தாள். இரண்டு பேருக்கு போன் செய்து, உங்கள் பொருளை மறுபடி கொண்டுவாருங்கள், நான் அவசரப்பட்டிருக்கலாம் என்றாள். ஒருவர் கொண்டுவந்தார், அது போலியேதான். இன்னொருவர் போனை வைத்துவிட்டார்.

கல்லூரியிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அவள் போனில் இருந்த, சிவப்புக் கோடு போடுவதற்கு முன் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கூடத்தில் வைக்க வேண்டும். மாரம்மாவிடம் சம்மதம் கேட்டபோது, தன் பெயரையும் கிருஷ்ணகிரியில் தான் முதலாவது வந்ததையும் எழுதுவதாக இருந்தால் வைக்கலாம் என்றாள். பேராசிரியர் தயங்கினார். அந்தப் போட்டியின் முடிவு எங்கும் பதிவாகிக் கிடைக்கவில்லை, ஆதாரம் இல்லாமல் எப்படி எழுதுவது என்றார். அவர் கேட்டது நியாயம்தான். போன மாதம் வரைக்கும் டெல்சியும் அதைத்தான் கேட்டிருப்பாள்.

கோவிந்தனையும் மாரம்மாவையும் தனித்தனியாக உட்காரவைத்து அந்தப் பந்தயத்தைப் பற்றிக் கேட்டேன், இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போகிறது, நேரில் அறிந்த இருவரின் சாட்சி இது, இதை நம்பி என் கையெழுத்தைப் போட்டுத் தருகிறேன் என்றாள். பேராசிரியர் யோசித்துவிட்டுச் சரி என்றார். படத்துக்குக் கீழே இப்படி எழுதி வைத்தார்கள்: கிருஷ்ணகிரிப் போட்டியில் முதலாவது வந்த மாரம்மாவுக்கு, இரண்டாவது வந்த முனிலட்சுமி தந்தது, கோவிந்தன், மாரம்மா ஆகியோர் கூறியபடி.

திறப்பு விழாவன்று மாரம்மாவுக்கு ஷிப்ட். வார விடுமுறை நாளில் ரூபாவையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பதக்கங்கள் பக்கம் அவள் அதிகம் நிற்கவில்லை. முனிலட்சுமி ஓடுகிற பெரிய படத்துக்கு முன்னால்தான் நின்றாள். கையை இன்னமும் அகட்டித்தான் வீசுகிறாள், எத்தனை சொல்லியும் திருத்திக்கொள்ளவில்லை என்று கன்னடத்தில் முணுமுணுத்தாள். செஸ்ட் நம்பர் படத்துக்கு வந்ததும் ரூபா அதைப் படித்துக் காட்டச் சொன்னாள். மாரம்மா எழுத்தின்மேல் விரலை வைத்து, "மாரிகே, முனி" என்று படித்தாள். ரூபா அந்த எழுத்துகளைத் தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் எல்லோரும் டெல்சியின் கடைக்கு வந்தார்கள். அதே படத்தில் ஒரு பிரதியை அவள் மாரம்மாவுக்காக எடுத்து வைத்திருந்தாள். ஒல்லியான கறுப்பு மரச்சட்டம், சுற்றிலும் வெள்ளை அட்டை, பார்க்க எடுப்பாக இருக்கும் என்று எடுத்துக் காட்டினாள். மாரம்மா அதைப் பார்த்துவிட்டுச் சுவரில் தொங்கிய சட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசியில் பொன்னிறத்தில் பளபளவென்று, நாலு மூலையிலும் ரோஜாப்பூ வைத்த பிளாஸ்டிக் சட்டத்தைக் காட்டினாள். கல்யாணப் படத்துக்குப் போடுவது. டெல்சி தன் சேகரிப்பில் எதற்கும் அப்படி ஒன்றைத் தொடக்கூட மாட்டாள்.

"இதாங்க நல்லாருக்குது" என்றாள் மாரம்மா.

டெல்சி அதைக் கழற்றி எடுத்து, கண்ணாடியை இரண்டு பக்கமும் துடைத்து, படத்தை உள்ளே வைத்து ஆணி அடிக்கத் தொடங்கினாள்.